அறைக்குள் வந்த பணிப்பெண்

ஃப்ளோரன்ஸ் நகரின் ஊஃபிட்சி காட்சியகத்தில் ஒரு படம் இருக்கிறது. கட்டிலில் ஒரு பருத்த ஆள் மல்லாந்து கிடக்கிறான். தலை நம் பக்கம் சரிந்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது. மஞ்சள் பட்டு உடுத்திய ஒருத்தி ஒரு கையால் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி மெத்தையோடு அழுத்திக்கொண்டு, மறு கையிலிருக்கும் வாளால் கழுத்தை அறுக்கிறாள். ரத்தம் பீறிட்டு வளைந்து பாய்கிறது. வெள்ளை விரிப்பில் கோடு கோடாக வழிகிறது. 1620-ஐ ஒட்டி ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த இந்தப் படத்தை ‘ஒலோபெரினைக் கொல்லும் யூதித்து’ என்று சொல்லலாம்.

இதைப் பற்றி எங்கே தேடினாலும் ஏறக்குறைய ஒரே கதைதான் கிடைக்கும். ஓவியர் இளம் வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், நீதிமன்றத்தில் அவமானப்பட்டவர், கடைசியில் தூரிகையால் பழி தீர்த்துக்கொண்டவர். இதில் பொய் என்று ஒதுக்க எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு படத்தின் முன் நிற்பவர்கள் இரண்டு பேரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்: கொல்கிறவள், சாகிறவன். படத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். நட்ட நடுவில், இருவருக்கும் மேலே, நீல உடையில், உடம்பின் எடை முழுவதையும் இரண்டு கைகளில் இறக்கி அவனை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கையை எடுத்தால் அடுத்த நொடியில் அவன் எழுந்துவிடுவான். என்னைக் கேட்டால், இந்தப் பழைய கதையில் ஆர்ட்டெமிசியா செய்த பெரிய காரியம் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதுதான். ஏனென்றால் மூலக் கதைப்படி அவள் அந்த அறைக்குள்ளேயே இல்லை.

மூலக் கதையை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் விவிலியத்தில் யூதித்து நூல் உண்டு. புரோட்டஸ்டன்ட் என்கிற சீர்திருத்த சபைகளில் வாசிக்கும் வேதாகமத்தில் கிடையாது. ஒரே தெருவில் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தால், ஒரு வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்த யூதித்தை எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தெரியாமலே இருக்கலாம். யூதர்களின் எபிரேய மறைநூல் தொகுப்பிலும் இந்த நூல் சேரவில்லை; கிரேக்க மொழியில்தான் வந்துசேர்ந்திருக்கிறது. வரலாறாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. பாபிலோனை ஆண்ட நெபுகத்னேசரை இது நினிவேயில் இருந்த அசீரிய மன்னன் என்கிறது. எழுதியவர் அறிந்தேதான் அப்படி எழுதினார் என்று நினைக்கிறவர்களும் உண்டு. இது கதை என்று முதல் வரியிலேயே வாசகருக்குக் கண்ணடிப்பது போல.

அந்த மன்னனின் படைத்தலைவன் ஒலோபெரின் பெத்தூலியா என்ற மலையூரை முற்றுகையிடுகிறான். நீரூற்றுகளைப் பிடித்துக்கொள்கிறான். 34 நாளில் ஊரில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. இன்னும் ஐந்து நாள் பார்ப்போம், கடவுள் உதவாவிட்டால் சரணடைவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். கடவுளுக்கே கெடு வைக்க நீங்கள் யார் என்று அவர்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறாள், யூதித்து என்ற கைம்பெண். பெரியவர்களை அழைத்துவரப் போகிறவள் யார் தெரியுமா? அவளுடைய பணிப்பெண். யூதித்தின் சொத்து முழுவதையும் கவனித்துக்கொண்டவள் இவள்தான் என்று நூல் சொல்கிறது. ஏவல் வேலைக்காரி இல்லை, வீட்டு நிர்வாகி.

யூதித்து கைம்பெண் கோலத்தைக் களைந்து, நகை பூட்டி, பணிப்பெண்ணோடு எதிரி முகாமுக்குப் போகிறாள். பணிப்பெண் கையில் திராட்சை மது, எண்ணெய், வறுத்த தானியம், அத்திப்பழ அடை, ரொட்டி எல்லாம் அடங்கிய பை. அந்நியர் உணவைத் தொட மாட்டேன், சொந்தச் சாப்பாடுதான் என்று யூதித்து சொல்லிவிடுகிறாள். ஒவ்வொரு இரவும் பள்ளத்தாக்குக்குப் போய் நீராடி மன்றாடவும் அனுமதி வாங்கிக்கொள்கிறாள். மூன்று நாளில் காவல்காரர்களுக்கு அது பழகிப்போகிறது: இரண்டு பெண்கள், ஒரு பை, ராத்திரியில் வெளியே போவார்கள், வருவார்கள். நான்காம் நாள் விருந்து. ஒலோபெரின் பிறந்ததிலிருந்து குடிக்காத அளவுக்குக் குடிக்கிறான். எல்லோரும் கலைந்த பிறகு, கட்டில் தூணில் தொங்கிய அவனுடைய வாளையே எடுத்து, முடியைப் பிடித்து, இரண்டு முறை ஓங்கி வெட்டுகிறாள். தலையைப் பணிப்பெண்ணிடம் கொடுக்க, அவள் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். இருவரும் வழக்கம்போல வெளியே போகிறார்கள். யாரும் தடுக்கவில்லை. மூன்று நாளாக அந்தப் பை எதற்காக வந்து போனது என்று இப்போது புரிகிறது.

வெட்டும்போது பணிப்பெண் எங்கே இருந்தாள்? படுக்கையறைக்கு வெளியே நிற்கும்படி யூதித்து அவளிடம் சொல்லியிருந்தாள். நூல் இதில் தெளிவாக இருக்கிறது. அவளுக்கு அதில் பெயரும் கிடையாது. ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவளை ‘அப்ரா’ என்பார்கள். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரிய தோழிப்பெண் என்றுதான் பொருள். பெயர் இல்லாதவளுக்கு அவள் வேலையே பெயராகிவிட்டது.

16-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து இத்தாலியில் யூதித்து படங்கள் குவிந்ததற்குக் காரணம் உண்டு. இந்த நூல் மறைநூல் அல்ல, ஒதுக்க வேண்டியது என்று சீர்திருத்தக்காரர்கள் சொன்னார்கள். 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் மறைநூல் பட்டியலை உறுதிசெய்தபோது யூதித்தையும் அதில் சேர்த்தது. அதன் பிறகு யூதித்தை வரைவதே ஒரு கட்சி எடுப்பதுபோல ஆனது: யூதித்து திருச்சபை, ஒலோபெரின் தப்பறை, அதாவது திருச்சபைக்கு எதிரான தவறான போதனை. ஃப்ளோரன்ஸில் அவளுக்கு வேறொரு அர்த்தமும் பழையதாகவே இருந்தது. தொனத்தெல்லோ வார்த்த வெண்கல யூதித்தை நகரைக் கையில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தாரிடமிருந்து பறித்து 1495-இல் நகர அரண்மனை முன் குடியரசின் சின்னமாக நிறுத்தினார்கள். பக்தி, அரசியல், அப்புறம் இன்னொன்று: அழகான பெண்ணும் அறுந்த தலையும் ஒரே படத்தில் இருந்தால் பணக்காரர்கள் வாங்குவார்கள். மூன்றும் சேர்ந்து இது நன்றாக விலைபோகும் சரக்கானது.

இந்தப் படங்களில் பணிப்பெண்ணின் பாடு வேடிக்கையானது. தொனத்தெல்லோவிடம் அவளே இல்லை. போத்திச்செல்லியின் சிறிய படத்தில் தலையைக் கூடையில் வைத்துத் தன் தலையில் சுமந்துகொண்டு எசமானி பின்னால் ஓட்டமும் நடையுமாக வருகிறாள். ஓவியர் கரவாஜ்ஜோவுக்கு வந்தால், அவள் சுருக்கம் விழுந்த கிழவி. ரோமில் பார்பெரினி அரண்மனையில் உள்ள அந்தப் படம் 1600-ஐ ஒட்டி, ஒட்டாவியோ கோஸ்தா என்ற வங்கிக்காரருக்காக வரையப்பட்டது. கொலை நடக்கும் நொடியையே காட்டிய துணிச்சல் அதில் இருக்கிறது. ஆனால் அதில் வரும் யூதித்தைப் பாருங்கள். வெள்ளை ரவிக்கை கசங்காமல், இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அருவருப்போடு வெட்டுகிறாள். அப்படி எட்டி நின்று ஒரு கோழியைக்கூட அறுக்க முடியாது. கிழவி ஓரமாக, துணியை விரித்தபடி, விழி பிதுங்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அங்கே இருப்பதற்கு ஒரே வேலைதான்: பக்கத்தில் இருக்கும் இளமையை இன்னும் இளமையாகக் காட்டுவது.

கரவாஜ்ஜோ, ஆர்ட்டெமிசியா வீட்டுக்கு அந்நியர் இல்லை. ஆர்ட்டெமிசியா 1593-இல் ரோமில் பிறந்தவர். தந்தை ஒராசியோ பெயர்பெற்ற ஓவியர், கரவாஜ்ஜோவோடு பழகியவர். 1603-இல் நடந்த ஓர் அவதூறு வழக்கில், கரவாஜ்ஜோ தன்னிடம் துறவி அங்கியும் ஒரு ஜோடி இறக்கையும் இரவல் வாங்கியதாக ஒராசியோ சாட்சி சொல்லியிருக்கிறார். ஓவியர்களின் பட்டறை வாழ்க்கை எப்படி இருந்தது என்று இந்த ஒரு வரியே சொல்லிவிடும். தாய் 1605-இல் இறந்தபோது ஆர்ட்டெமிசியாவுக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளைகளில் அவர் ஒருத்திதான் பெண். தம்பிகள் ஓடியாடியது தெருவில். இவருக்கு வீடும் அப்பாவின் பட்டறையும்தான் உலகம். சாயம் அரைப்பதிலிருந்து எல்லாம் அங்கேயே. 1610 என்று தேதியிட்டு அவர் கையெழுத்திட்ட ‘சூசன்னாவும் முதியோரும்’ ஜெர்மனியின் பொம்மர்ஸ்ஃபெல்டனில் இருக்கிறது. அப்போது வயது பதினேழு.

அப்பாவும் யூதித்தை வரைந்திருக்கிறார். பெரும்பாலோர் ஒராசியோவுடையது என்று ஏற்கும் ஒரு படம் ஆஸ்லோவில் உள்ளது. அதில் கொலை முடிந்துவிட்டது. யூதித்தும் பணிப்பெண்ணும் தப்பிக்கும் தறுவாயில் இருக்கிறார்கள். பணிப்பெண் கிழவி இல்லை, யூதித்தின் வயதுக்காரி. ஆக, அவளை இளமையாக்கிய பெருமையை ஆர்ட்டெமிசியாவுக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. அதேபோல அவளைக் கொலைக்களத்துக்குள் முதலில் அழைத்துவந்ததும் இவர் இல்லை. கிழவியாக என்றாலும் கரவாஜ்ஜோ அழைத்துவந்துவிட்டார். இவர் செய்தது, உள்ளே வந்தவளிடம் வேலையைக் கொடுத்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று படத்திலேயே பார்க்கலாம். ஒலோபெரின் போர்வீரன், தடித்த உடம்பு. குடித்திருக்கிறான், ஆனால் விழித்துக்கொண்டான். அவன் கை மேலே பாய்ந்து பணிப்பெண்ணின் கழுத்தருகே முட்டுகிறது. கவனியுங்கள், அவன் எதிர்த்துப் போராடுவது யூதித்தோடு இல்லை, இவளோடு. இவள் முகம் கோணவில்லை. கீழே குனிந்து, கைகளை விறைப்பாக ஊன்றி, தோள் எடையை இறக்குகிறாள். யூதித்து பக்கவாட்டில் நிற்கிறாள். அவள் கைகளும் விறைத்திருக்கின்றன. உடம்பு சற்றே ஒதுங்கியிருப்பது அருவருப்பால் இல்லை, வாளை இழுக்க இடம் வேண்டும் என்பதால். புருவம் சுருங்கியிருக்கிறது. கோபமும் இல்லை, பயமும் இல்லை. கடினமான வேலையில் இருப்பவரின் முகம். இருவருடைய சட்டைக் கைகளும் முழங்கைக்கு மேல் ஏறியிருக்கின்றன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்குவது என்று நாம் சொல்வோமே, அதேதான். நூல் சொல்லும் இரண்டு வீச்சு இங்கே இல்லை. இது அறுப்பு. நேரம் எடுக்கும், பலம் வேண்டும், ஒருவர் பிடிக்க ஒருவர் அறுக்க வேண்டும்.

மூன்று பேரின் கைகளும் படத்தின் நடுவே சக்கரத்து ஆரங்கள்போல ஒரே இடத்தை நோக்கி வந்து கூடுகின்றன. அந்த இடத்தில்தான் தலை இருக்கிறது. எந்தக் கை யாருடையது என்று பிரித்தறிய ஒரு கணம் ஆகிறது. ஓவியரின் குழப்பம் இல்லை இது, கணக்கு.

இந்தப் படம் இரண்டு முறை வரையப்பட்டது. முதலாவது நேப்பிள்ஸில் கபோடிமோன்டே காட்சியகத்தில் இருக்கிறது; 1612-13 வாக்கில் வரைந்தது. அதில் யூதித்துக்கு நீல உடை, பணிப்பெண்ணுக்குச் சிவப்பு. ஓரம் வெட்டுப்பட்டுப் படம் குறுகியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, வரைய வரைய இடம் மாற்றிய தடயங்கள் அடியில் தெரிந்தன. இதுதான் முந்தியது என்று சொல்ல அது வலுவான காரணம். இரண்டாவது வரையும்போது எங்கே எது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஊஃபிட்சி படத்தில் சட்டகம் விரிந்து அவன் கால்களும் தெரிகின்றன, உடைகள் விலை கூடியிருக்கின்றன, யூதித்தின் கையில் ஒரு காப்பு வந்திருக்கிறது. காப்பின் பதக்கங்களில் இருப்பது வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் என்று சில ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஓவியரின் பெயர் வந்தது அந்தத் தெய்வத்திடமிருந்துதான் என்பதால் இந்த ஊகம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கையெழுத்தை அவர் போட்ட இடம் வாளின் அலகு: ‘நான், ஆர்ட்டெமிசியா லோமி, செய்தேன்’ என்று இலத்தீனில். லோமி என்பது அவர்களுடைய குடும்பப் பெயர். ஃப்ளோரன்ஸில் அதைத்தான் புழங்கினார்.

நேப்பிள்ஸ் படத்தில் ரத்தம் வழிகிறது. ஃப்ளோரன்ஸ் படத்தில் பாய்கிறது. மேலெழும்பி வளைந்து விழும் அந்தக் கோடுகளைக் கலிலியோவோடு இணைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எறியப்பட்ட பொருள் பரவளையமாக விழும் என்று அவர் கண்டறிந்தது இந்தப் படத்துக்கு முன்பு. அச்சில் வந்தது 1638-இல். இருவரும் ஃப்ளோரன்ஸ் ஓவியக் கழகத்தின் உறுப்பினர்கள். 1616-இல் அதில் சேர்ந்த முதல் பெண் ஆர்ட்டெமிசியா. நட்புக்கு ஆவணமும் இருக்கிறது. 1635-இல் நேப்பிள்ஸிலிருந்து கலிலியோவுக்கு அவர் எழுதிய கடிதத்தில், தான் அனுப்பிய படங்களுக்கு இப்போதைய பெரிய கோமகனிடமிருந்து பதிலே இல்லை என்று குறைப்படுகிறார். முன்பு கோமகன் கோசிமோவுக்குக் கொடுத்த யூதித்து படமும் இப்படித்தான் மறந்துபோகவிருந்தது, நீங்கள் தலையிட்டதால்தான் நல்ல சன்மானம் கிடைத்தது என்று நினைவுபடுத்துகிறார். பரவளைய விஷயம் கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபிக்க வழியில்லை. ஆனால் உலகத்தின் மிகப் பெரிய இயற்பியலாளர்களில் ஒருவரிடம் ஓர் ஓவியர் பாக்கிப் பணம் வசூலிக்க உதவி கேட்கிறாரே, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. கோசிமோ 1621 தொடக்கத்தில் இறந்துபோனார். படம் வந்து சேர்ந்த நேரத்தில் வாங்கியவர் சாகக் கிடந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கவலை புரியும்.

சரி, வழக்குக்கு வருவோம். ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

1611-இல் ஒராசியோவும் அகோஸ்டினோ டாஸ்ஸி என்ற ஓவியனும் ரோமில் கர்தினால் ஷிபியோனே போர்கேசேயின் மாளிகை ஒன்றில் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். டாஸ்ஸி கட்டட வடிவங்களைச் சுவரில் ஆழம் தோன்ற வரைவதில் வல்லவன். அந்த ஆண்டு மே மாதம் ஆர்ட்டெமிசியாவின் வீட்டுக்குள் வந்து அவரைப் பலாத்காரம் செய்தான். கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்து மாதக்கணக்கில் இழுத்தடித்தான். அவன் ஏற்கெனவே மணமானவன். 1612-இல் ஒராசியோ போப்பாண்டவர் ஐந்தாம் பவுலுக்கு மனுக் கொடுத்தார். அந்தக் காலச் சட்டத்தில் இது முதலில் தந்தையின் மானத்துக்கு நேர்ந்த குற்றம். பெண் கன்னியாக இருந்தாளா என்பதுதான் கேள்வி. மனுவில் இன்னொரு புகாரும் உண்டு. டாஸ்ஸியின் கூட்டாளி கோசிமோ குவார்லி என் வீட்டிலிருந்து சில படங்களைக் கைப்பற்றினான், அதில் ஒன்று பெரிய அளவிலான யூதித்து என்கிறார் ஒராசியோ. ஆக, யூதித்து இந்தக் குடும்பத்தின் வாழ்க்கைக்குள் வந்தது வழக்குக்குப் பிறகு இல்லை. அவள் ஏற்கெனவே பட்டறையில் சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

சாட்சியம் உண்மைதானா என்று பார்க்க ஆர்ட்டெமிசியாவின் விரல்களில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். ஓவியரின் விரல்கள். வலியில் டாஸ்ஸியைப் பார்த்து, இதுதான் நீ எனக்குப் போடுகிற மோதிரம், இதுதான் உன் வாக்கு என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. ‘உண்மை, உண்மை’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும். விசாரணை ஏழு மாதம் போனது. டாஸ்ஸி குற்றவாளி என்று நவம்பரில் தீர்ப்பு வந்தது. கடுங்காவல் அல்லது ரோமைவிட்டு வெளியேறுவது, இரண்டில் ஒன்று. வெளியேறுவதாகச் சொன்னான், பெயருக்குத்தான். அந்தத் தண்டனை நடைமுறைக்கு வரவில்லை. அதே மாதக் கடைசியில் ஆர்ட்டெமிசியாவுக்கு ஃப்ளோரன்ஸ்காரர் ஒருவரோடு திருமணம் செய்துவைத்து ஊரைவிட்டு அனுப்பினார்கள்.

விசாரணைப் பதிவுகள் ரோமின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவது ஆளாக வரும் ஒரு பெண்ணைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு இந்த ஓவியத்தின் நடுவில் இருப்பவள் கண்ணில் பட ஆரம்பித்தாள். அவள் பெயர் டூட்சியா. ஜென்டிலெஸ்கி குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருந்தவள். தாயில்லாப் பெண்ணுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒராசியோ நம்பியவள். சம்பவ நாளில் ஆர்ட்டெமிசியா, டூட்சியாவின் மகன்களில் ஒருவனை வரைந்துகொண்டிருந்தார். டூட்சியாவும் அங்கேதான் இருந்தாள். டாஸ்ஸி உள்ளே வந்தான். இவ்வளவு வரையாதே, வரையாதே என்று சொல்லி, பலகையையும் தூரிகைகளையும் பிடுங்கி வீசினான். டூட்சியாவைப் பார்த்து, போ இங்கிருந்து என்றான். போகாதே, என்னை விட்டுவிட்டுப் போகாதே என்று ஆர்ட்டெமிசியா கேட்டார். எனக்கு இங்கே வாக்குவாதம் வேண்டாம், என் வேலையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பிறகு, வாயைப் பொத்தியிருந்தபோதும் முடிந்தவரை கத்தினேன், டூட்சியாவைக் கூப்பிட்டேன் என்கிறது சாட்சியம். அவள் வரவில்லை. அதன்பின் ஆர்ட்டெமிசியா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து அவன் மேல் எறிந்தார். மார்பில் சிறு கீறல், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

இதற்கு மேல் போகும்போது நான் என் கையையே கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். வாழ்க்கையைப் படத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று தொடங்கிவிட்டு நானே முடிச்சுப் போடுகிறேன். ஒலோபெரினின் முகம் டாஸ்ஸியின் முகம், யூதித்தின் முகம் ஓவியரின் முகம் என்றெல்லாம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. யூதித்து கேட்டால் யூதித்து வரைந்து தருவதுதான் ஓவியரின் தொழில். ஃப்ளோரன்ஸ் கோமகன் பணம் கொடுத்தது ஓர் இளம்பெண்ணின் மன ஆறுதலுக்கு இல்லை. வன்முறைக்கு முந்திய சூசன்னா படத்திலேயே இரண்டு ஆண்களுக்கு இடையில் நெருக்கப்பட்ட பெண்ணின் உடலை அவர் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார்! எல்லாவற்றையும் 1611-இல் கொண்டுபோய்க் கட்டினால், ஓவியரிடமிருந்து ஓவியத்தைப் பறித்து டாஸ்ஸியிடம் கொடுப்பதாகிவிடும்.

அப்படியிருந்தும் அந்தப் பணிப்பெண் விஷயத்தில் என்னால் அவ்வளவு கறாராக இருக்க முடியவில்லை. மூலநூல் அவளை வெளியே நிறுத்துகிறது. கரவாஜ்ஜோ அவளை ஓரத்தில் நிறுத்துகிறார். கூப்பிட்டும் வராத ஒரு பெண்ணைப் பற்றி நீதிபதி முன் சாட்சி சொன்ன கையோடு, வெளியே போகாத ஒரு பெண்ணை ஆர்ட்டெமிசியா வரைந்திருக்கிறார். டூட்சியாவுக்கும் அப்ராவுக்கும் உள்ள இந்த எதிர்ப்பொருத்தத்தைக் கலை வரலாற்றாளர்களும் பேசியிருக்கிறார்கள். தற்செயல் என்று ஒருவர் சொன்னால் மறுக்க ஆதாரம் என்னிடம் இல்லை. படத்தின் முன் நின்றால் தற்செயல் என்று தோன்றவும் இல்லை.

ஃப்ளோரன்ஸ்காரர்கள் இந்தப் படத்தை நெடுங்காலம் பெருமையாக மாட்டிவைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பார்க்க வந்த ஆங்கிலேய எழுத்தாளர் அன்னா ஜேம்சன் இதை ஆர்ட்டெமிசியாவின் மேதைமைக்கும், அது கொடூரமாகத் திசைமாறியதற்கும் ஒருசேரச் சான்று என்று எழுதினார். 1916-இல் ராபர்டோ லாங்கி என்ற இத்தாலிய விமர்சகர் தந்தையையும் மகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆர்ட்டெமிசியாவை மீண்டும் பேசவைத்தார். ஓவியம் என்றால் என்ன, வண்ணம் என்றால் என்ன என்று தெரிந்த ஒரே இத்தாலியப் பெண் என்பது அவர் கொடுத்த பாராட்டு. மற்ற எல்லாப் பெண்களையும் ஒரே வரியில் தள்ளிவிட்டு ஒருத்தியைத் தூக்கும் இந்த வகைப் பாராட்டை நாமும் கேட்டிருக்கிறோம். 1970-களுக்குப் பிறகு பெண்ணிய ஆய்வாளர்கள் வழக்குப் பதிவுகளோடு சேர்த்து இவரை வாசிக்கத் தொடங்கிய பின்புதான் இன்றைய புகழ். 2018-இல் அவருடைய தன்னுருவப் படம் ஒன்றை, புனித கத்தரீன் வேடத்தில் வரைந்தது, லண்டன் தேசியக் காட்சியகம் 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

பணிப்பெண்ணை ஆர்ட்டெமிசியா ஒருமுறை வரைந்துவிட்டு விட்டுவிடவில்லை. ஃப்ளோரன்ஸின் பிட்டி அரண்மனையில் உள்ள படத்தில் அவள் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். இடுப்பில் கூடை, கூடையில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, துணியில் கறை இருக்கிறது. யூதித்தின் தோளில் வாள். மற்றொரு கை பணிப்பெண்ணின் தோளில். இருவரும் ஒரே திசையில் சட்டென்று திரும்பியிருக்கிறார்கள். ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது.

அதே சத்தம் இன்னொரு படத்திலும் கேட்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கழகத்தில் உள்ள அந்தப் படத்தை 1623-க்கும் 1625-க்கும் இடையில், ரோமுக்குத் திரும்பிய பிறகு, வரைந்திருக்கிறார். எனக்கு ஊஃபிட்சி படத்தைவிடவும் இது பிடிக்கும். ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. கூடாரத்துக்குள் ஒரே ஒரு மெழுகுவத்தி. யூதித்து அதன் முன் ஒரு கையை உயர்த்தியிருக்கிறாள். பேசாதே என்பதற்கா, வெளிச்சம் வெளியே தெரியாமல் மறைக்கவா, இரண்டுக்குமாகவும் இருக்கலாம். அந்தக் கையின் நிழல் அவள் முகத்தில் பிறைபோல விழுந்து பாதி முகத்தை இருட்டாக்கியிருக்கிறது. மறு கையில் வாள் இன்னும் உறையேறவில்லை. கீழே தரையில் பணிப்பெண் மண்டியிட்டுத் தலையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருக்கிறாள். பாதியில் நிறுத்திவிட்டு அவளும் யூதித்து பார்க்கும் பக்கமே நிமிர்ந்து பார்க்கிறாள். காதுதான் வெளியே இருக்கிறது. கைகள் பையை விடவில்லை.